பழமையின் விலை

பழையவை நீங்கிப் புதியவை வருவதைக் குற்றமாகக் கொள்ளாத இலக்கண மரபு நம்முடையது. வாணிப உலகிலோ அண்மைக் காலமாக வேறொரு விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கே பழையது கழிவதில்லை, விலை ஏறுகிறது. அதனினும் விந்தை, இன்று புதிதாகச் செய்யப்படும் பொருளும் பழையதுபோலச் செய்யப்படுமாயின் கூடிய விலை பெறுகிறது. இவ்விதியை மின்கிற்றார் என்னும் இசைக்கருவியைப்போலத் தெளிவாக எடுத்துக்காட்டும் பொருள் பிறிதொன்று இல்லை என்பது என் கருத்து.

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன் கொழுந்தையும் கவ்வாத்தையும் விட்டுக் கிற்றாரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வாசகர் வினவக்கூடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவை அறிந்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். பசறையிலோ ஹாலிஎலையிலோ தெமோதரையிலோ ஒரு தோட்டத்துத் திருவிழாவில் முதலிரவு கூத்துக்கு உரியதாயின், மறு இரவு இசைக்குழுவுக்கு உரியது. மலைச்சரிவில் தட்டிகட்டிய மேடை, மின்பிறப்பாக்கியின் இரைச்சல், பனிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து அமரும் முதியவர்கள், மேடையின் இடப்பக்கத்தில் ஒருவன் தோளில் தொங்கும் கிற்றார்: எங்கள் இளமையின் இசைக்கல்வி அவ்விடத்திலேயே நிகழ்ந்தது. இளையராஜா தம் தொடக்ககாலத்தில் கிற்றார் வாசிப்பவராகவும் இருந்தவர் என்பதை நாங்கள் நூலிற் படித்து அறியுமுன்னரே, அவருடைய பாடல்களில் அக்கருவி எங்கெங்கே பேசுகிறது என்பது எங்களுக்கு மனப்பாடம்.

இக்கருவியின் இயல்பை முதலில் நோக்குவோம். சாதாரணக் கிற்றாரில் ஒலியைப் பெருக்குவது உள்ளீடற்ற மரப்பெட்டி. பெரும்பாலான மின்கிற்றார்களிலோ பெட்டி இல்லை. திண்மையான பலகையே உடல். நரம்புகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக்கம்பிச் சுருள்களும் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு சுருளில் ஏறத்தாழ 8000 சுற்றுகள். உருக்கு நரம்பு அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்குகிறது. ஒரு பலகை, சில காந்தங்கள், சிறிது செப்புக்கம்பி, ஆறு நரம்புகள் என்பவற்றுக்கு மேல் இதில் மறைபொருள் ஏதும் இல்லை. இவ்வளவு எளிய பொருளுக்கு இத்துணை விலை எவ்வாறு வந்தது என்பதே நம் வினா.

கலிபோர்ணியாவிலுள்ள புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகள் திருத்தும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவர் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கிற்றாரின் அக்கால விலை 249 டொலர் 50 சதம். அதே பத்தாண்டில் கிப்ஸன் நிறுவனம் லெஸ் போல் என்னும் தன் கிற்றாருக்குச் செஞ்சூரிய வண்ணம் பூசி விற்றது. அது சரிவர விற்பனையாகவில்லை. 1960ஆம் ஆண்டோடு அவ்வடிவம் கைவிடப்பட்டது. 1958 முதல் 1960 வரை செய்யப்பட்டவை ஏறத்தாழ 1500 என மதிப்பிடப்படுகின்றன. சில ஆண்டுகளின் பின் எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் முதலியோர் அக்கிற்றார்களைக் கையிலெடுத்தபோது உலகம் அவற்றைத் தேடத் தொடங்கிற்று. இன்று அவற்றுள் ஒன்றின் விலை இலட்சக்கணக்கான டொலர். வாங்குவார் இல்லாமையாற் குறைவாகச் செய்யப்பட்ட பொருள், குறைவாகச் செய்யப்பட்டமையாலேயே வாங்கமுடியாததாயிற்று.

ஃபெண்டரின் கதை வேறுவிதமானது. 1965இல் அந்நிறுவனம் சி.பி.எஸ். என்னும் பெரும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அதன்பின் வந்த கருவிகள் தரங்குன்றியவை என்ற எண்ணம் கலைஞரிடையே பரவியது; 1965க்கு முற்பட்டவற்றுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. தன் பழைய பொருளே தன் புதிய பொருளுக்குப் போட்டியாக நிற்பதைக் கண்ட நிறுவனம் 1982இல் ஒரு வழி கண்டது. 1952ஆம் ஆண்டின் டெலிகாஸ்டரையும், 1957, 1962ஆம் ஆண்டுகளின் ஸ்ட்ராடோகாஸ்டரையும் முன்னைய அளவுகளின்படியே மீண்டும் செய்து விற்கத் தலைப்பட்டது. யப்பானிய நிறுவனங்கள் 1970களில் அமெரிக்கக் கிற்றார்களைப் பார்த்து அச்சொட்டாகச் செய்து குறைந்த விலைக்கு விற்றுவந்தமை இம்முடிவுக்கு மற்றொரு காரணம். அதே 1982இல் யப்பானிலும் ஃபெண்டரின் பெயரிலேயே உற்பத்தி தொடங்கியது. 1985இல் சி.பி.எஸ். இடமிருந்து ஃபெண்டர் நிறுவனத்தை அதன் அலுவலர் சிலர் சேர்ந்து வாங்கியபோது புல்லர்ட்டன் தொழிற்சாலை அவர்கள் கைக்கு வரவில்லை. ஆகவே 1982 முதல் மூன்றாண்டு காலம் அங்கே செய்யப்பட்ட 'பழைய மாதிரிகள்' அளவில் மட்டுப்பட்டவையாகி, இன்று தாமே பழம்பொருள்களாகத் தேடப்படுகின்றன. படியே மூலமாகிவிட்டது.

நூற்பதிப்போடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தமிழ் மாணவருக்குப் பயனுடையது. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றினர். அதற்குமுன் அந்நூல்கள் சில ஏட்டுச்சுவடிகளில் ஒடுங்கிக் கிடந்தன. அச்சேறியதும் அவை எவர் கைக்கும் எட்டுவனவாயின. பதிப்பு அருமையை நீக்கிற்று, விலையைக் குறைத்தது. கிற்றாரின் மறுபதிப்பு இதற்கு நேர்மாறாகத் தொழிற்படுகிறது. அது மூலத்தின் புகழை மேலும் உயர்த்துகிறது. தானும் அப்புகழின் நிழலில் ஏறிக்கொள்கிறது. இத்தனைதான் செய்வோம், இந்த ஆண்டுக்கு இவ்வளவே என்று எண்ணிக்கையை வரையறுத்து அறிவிப்பதும் இவ்வாணிபத்தின் ஒரு முறை. பயிர் பொய்த்ததால் வரும் பஞ்சம் ஒன்று. களஞ்சியத்தைப் பூட்டுவதால் வரும் பஞ்சம் மற்றொன்று. பின்னையது பழமை வாணிபத்துக்கு நன்கு தெரிந்த கலை.

எனினும் எல்லாத் தட்டுப்பாடும் செயற்கையானது எனக் கூறுதல் நீதியாகாது. மரம் உண்மையாகவே அருகிவிட்டது. ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் கிற்றாரின் விரற்பலகைக்குப் பயன்பட்ட பிரேசில் நாட்டு ஈட்டிமரம் 1992இல் பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பயன்பட்ட இந்திய ஈட்டி, அதாவது தமிழ்நாட்டு மலைகளில் தோதகத்தி என வழங்கும் மரம், தன் இனத்தோடு 2017இல் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019இலேயே விலக்கு அளிக்கப்பட்டது. மடகஸ்கார் கருங்காலி, இந்திய மரம் என்பன தொடர்பாகக் கிப்ஸன் தொழிற்சாலைகள் 2009இலும் 2011இலும் அமெரிக்க அரசினாற் சோதனையிடப்பட்டன. 2012இல் அந்நிறுவனம் 3 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கிற்று. ஃபெண்டரின் பழைய உடல்களுக்குரிய சதுப்புநில ஆஷ் மரத்தை மிசிசிப்பி வெள்ளமும் ஒருவகை வண்டும் அரித்தமையால், 2020இல் அந்நிறுவனம் அம்மரத்தைப் பெரும்பாலான கிற்றார்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டிற் பெருந்தொற்றால் வீடடங்கிய உலகம் கிற்றார் பழகத் தொடங்கியது. விற்பனை முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது.

இம்மரக்கதையில் ஊவாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கீழ் ஊவாவின் உலர்காடுகளிற் கருங்காலியும் முதிரையும் வளர்ந்தன. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இலங்கையின் கருங்காலி ஐரோப்பாவுக்குச் சென்றது. மேல் ஊவாவின் மலைக்காடுகளோ முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. வெட்டிய கோடரி எங்கள் மூதாதையர் கையிலிருந்தது. வெட்டச் சொன்ன குரல் வேறு இடத்திலிருந்து வந்தது. காடு போனபின் காட்டின் அருமை பேசப்படுகிறது. அந்த அருமைக்குரிய விலையில் வெட்டிய கைக்கு எந்நாளும் பங்கு இருந்ததில்லை.

இனி எங்கள் மலைக்கு வருவோம். இலங்கையில் மின்கிற்றாரின் வரலாற்றை எழுதுபவர் ஹப்புத்தளையைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சிங்கள மெல்லிசையில் அக்கருவிக்கு நிலையான இடத்தைத் தேடிக்கொடுத்தவரான கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இற் பிறந்தது அங்கேதான். 1960களில் அவர் அனஸ்லி மாலவனவோடு அமைத்த 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் பாடல்கள் வானொலி வழியே நாடெங்கும் பரவின. அதே காலப்பகுதியிலும் அதன் பின்னரும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழ்ப் பொப் இசையை வளர்த்தனர். தோட்டத்து லயங்களில் வானொலிப் பெட்டி ஒரு வீட்டில் இருந்தால் அது பத்து வீட்டுக்குப் பாடியது. சிங்களப் பாடலும் தமிழ்ப் பாடலும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன. கிற்றார் இரண்டிற்கும் பொதுவாக இருந்தது.

என் தாய்மாமன் தேயிலைத் தொழிற்சாலையில் மின்வினைஞருக்கு உதவியாளாக இருந்தார். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. கொழும்பிலேயே கிற்றார் அரிது. எங்கள் மலையிற் சொல்லவேண்டியதில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்து பங்களாவின் பழைய தளபாடங்கள் சில கழித்து எறியப்பட்டன. அவற்றுள் ஒரு மகோகனி மேசையின் பலகையை மாமா கேட்டுப் பெற்றார். தோட்டத்துத் தச்சு ஆசாரி, சினிமாச் சஞ்சிகையில் வந்த படமொன்றைப் பார்த்து அதனைக் கிற்றார் வடிவாக அறுத்துக் கொடுத்தார். பழுதான தொலைபேசியின் செவிக்குழலிலிருந்து காந்தம் கிடைத்தது. எரிந்துபோன மின்விசிறியிலிருந்து செப்புக்கம்பி கிடைத்தது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து நரம்பாக்கினார்கள். பஜனைக் குழுவின் ஆர்மோனியத்துக்கு ஏற்பச் சுருதி கூட்டினார்கள். ஒலிபெருக்கி, வானொலிப் பெட்டிதான். அந்தக் கிற்றார் இரண்டு திருவிழாக்களில் மேடையேறியது என்றும், மழை நாட்களில் அதனைத் தொட்டால் மின்சாரம் கையைக் கடிக்கும் என்றும் மாமா சொல்லுவார்.

1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் அவரும் நண்பர் நால்வரும் சீட்டுக்கட்டி, கொழும்பிலே யப்பானில் செய்யப்பட்ட கிற்றார் ஒன்றை வாங்கினர். முற்கூறிய அச்சொட்டான படிகளுள் ஒன்று அது. பின்னர் பதுளை நகரில் நண்பர் ஒருவரின் தையற்கடை பின்னறையில் குழுவின் கருவிகளெல்லாம் வைக்கப்பட்டன. 1983 யூலை 27ஆம் நாள் பதுளையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது அந்தக் கடையும் எரிந்தது. அடுத்த ஆண்டுக்குள் குழுவினர் இருவர் குடும்பத்தோடு இராமேஸ்வரம் வழியாகத் தமிழ்நாடு சென்றுவிட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியது; அந்த எண்ணிக்கையுள் ஒரு மிருதங்கக்காரரும் ஒரு பாடகரும் அடங்கினர். குழு கலைந்தது.

அந்த யப்பானியக் கிற்றார் இன்று இருந்திருந்தால் அதற்கும் ஒரு பழமை விலை உண்டு. அக்காலத்து யப்பானியப் படிகளையும் சேகரிப்போர் தேடுகின்றனர். எங்கள் மலையில் அத்தகைய பொருளைத் தேடுபவன் ஏமாறுவான். பழம்பொருள் என்பது வெறுங்காலத்தால் உண்டாவதன்று. அதனைப் பாதுகாக்க ஒரு வீடு வேண்டும், அந்த வீடு தீயிடப்படாமல் இருக்கவேண்டும், வீட்டிலிருப்போர் ஊரைவிட்டு அனுப்பப்படாமல் இருக்கவேண்டும். 10 அடிக்கு 12 அடி லயத்தறையில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கும்போது, பயன்படாத பொருள் ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்து அதற்கு அகவை ஏறக் காத்திருக்க முடியாது. மாமாவின் மகோகனிப் பலகை மட்டும் இன்னும் இருக்கிறது. அது சாமிப்படங்களுக்குத் தட்டாகப் பயன்படுவதால் எஞ்சியது.

இவ்விடத்தில் ஒரு முரணையும் குறிப்பிடல் தகும். 1995 முதல் ஃபெண்டரின் தனிப்பட்டறை புதிய கிற்றார்களை வேண்டுமென்றே தேய்த்து, வண்ணத்தைச் சுரண்டி, உலோகப் பகுதிகளைக் கறள்பிடிக்கவைத்து விற்கிறது. தேய்க்காத கிற்றாரினும் தேய்த்ததற்கு விலை கூட. நமுனுகுலை மலையின் மூடுபனி இப்பணியை எங்களுக்குக் கூலியின்றியே செய்துதருகிறது. ஒரு மாரிக்குள் நரம்பு கறுக்கிறது, திருகாணி துருப்பிடிக்கிறது. அதனை மறைக்க மேடையேறுமுன் எங்கள் இளைஞர் தேங்காயெண்ணெய் பூசித் துடைக்கிறார்கள். வறுமையின் அடையாளத்தை மறைக்க ஒருவன் முயல, அதே அடையாளத்தை மற்றொருவன் பணங்கொடுத்து வாங்குகிறான்.

விலையேற்றம் என்ற சொல்லையும் இவ்வாறே இடம்நோக்கிப் பொருள்கொள்ளவேண்டும். 1954இல் அமெரிக்காவின் ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 75 சதம். அக்கூலி பெற்றவர் ஒரு ஸ்ட்ராடோகாஸ்டரை வாங்க எட்டு மணிநேர வேலைநாட்கள் 42 உழைத்திருப்பார். அதே வடிவத்தில் இன்று அமெரிக்காவில் செய்யப்படும் மறுபதிப்பின் விலை 2000 டொலரைத் தாண்டுகிறது. கணக்குக்கு 2000 என்றே கொள்வோம். 2009 முதல் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் விதித்துள்ள 7 டொலர் 25 சதக் கூலியில் இதற்கு 35 நாட்கள் போதும். ஆகவே அங்கே ஏறியிருப்பது எண்ணே. கூலிக்கு ஈடாக நோக்கின் விலை இறங்கியேயிருக்கிறது.

இதே 2000 டொலரைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தால் அளந்து பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் நியமித்த நிறைக்குக் கொழுந்து பறித்தாலன்றி முழுப்பேர் கிடையாது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. கிற்றாரின் விலை 400 நாட்சம்பளம். அவ்வாண்டு ஏப்பிரிலில் நாடு கடனிறுக்க இயலாதென அறிவித்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவுக்கு மேற்சென்றது. கிற்றாரின் விலை 720 நாட்சம்பளமாயிற்று. 2024இல் நாட்சம்பளம் 1350 ஆக உயர்ந்தது. டொலரும் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. அப்போதும் 444 நாட்கள். சம்பளம் மூன்றிலொரு பங்கு கூடியபின்னும் அப்பொருள் நெருக்கடிக்கு முன்னிருந்ததைவிட 44 நாட்கள் தொலைவிற் போய்விட்டது. தீர்வையும் கப்பற்கூலியும் வணிகர் இலாபமும் இக்கணக்கிற் சேரவில்லை. ஓர் ஆண்டில் ஒருவருக்கு முழுப்பேர் விழும் நாட்கள் எத்தனை என்பதையும் அறிந்தவர்கள், இது ஏறக்குறைய இரண்டாண்டு உழைப்பு என்பதை உணர்வர்.

மாமாவின் பேரன், என் மச்சானின் மகன், பதினெட்டு வயதினன். தாத்தாவின் விரல் அவனுக்கு வாய்த்திருக்கிறது. அயற்றோட்டத்து இளைஞர் அறுவரோடு சேர்ந்து ஒரு குழு நடத்துகிறான். அவனுக்குச் சொந்தமாகக் கிற்றார் இல்லை, திருவிழாதோறும் இரவல். 2022இல் அவனோடு நகரத்துக் கடையொன்றுக்கு நானும் சென்றேன். கடைக்காரர் விலைச்சீட்டுகளையெல்லாம் கழற்றி வைத்திருந்தார். "இண்டைக்குச் சொல்ற விலை நாளைக்கு இல்ல தம்பி, நான் திரும்ப வாங்கேக்க என்ன விலையோ தெரியாது" என்றார். அவர் சொன்னது உண்மை. 2020 முதல் பல பொருள்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. எஞ்சிய இருப்பே எல்லாருக்கும் முதல்.

அடுத்த ஆண்டுகளில் அவன் நகரத்துக் கடையொன்றிற் பகுதிநேரம் வேலை செய்து பணம் சேர்த்தான். 2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் ஒருநாள் அவன் தாய் என்னிடம், "தீவாளி முற்பணம் வரும் அண்ணே. அதையும் சேத்துக் குடுத்தா வாங்கிருவான்" என்றாள். அவன் உடனே, "வேணாம்மா. பொறகு மாசாமாசம் ஒங்க சம்பளத்துல பிடிப்பாங்க. கித்தார் வாசிக்கிறது நான், கொழுந்து பறிக்கிறது நீங்களா?" என்றான். தாய் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். அவள் மகிழ்ந்தாளா வருந்தினாளா என்பது எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கலாம்.

ஈற்றில் அவன் வாங்கியது இந்தோனேசியாவில் செய்யப்பட்ட, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஸ்குவையர் கிற்றார். ஃபெண்டர் நிறுவனமே தன் பழைய வடிவங்களை எளிய விலையில் விற்பதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்குவையர். விலை 95,000 ரூபா. தாயின் கணக்கிற் சொன்னால் 70 நாட்சம்பளம். 1950களின் மூலத்துக்கு அமெரிக்க மறுபதிப்பு ஒரு படி. அதற்கு இது மற்றொரு படி. முன்னையவன் கை பட்டதால் மேலும் ஒரு படி இறங்கியது. ஆயினும் அத்திருவிழாவில் அதன் ஒலி, மலைச்சரிவின் கீழ் லயம் வரையிற் கேட்டது. கேட்டவர்களுள் எவரும் அது எந்த ஆண்டின் மாதிரி என்று வினவவில்லை.

அதே திருவிழாவின் காலையில், சாமி ஊர்வலத்தின் முன் தப்பு ஒலித்தது. தோட்டங்கள் தோன்றிய காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பிய கருவி அது. காமன் கூத்துக்கும் மரணவீட்டுக்கும் உரிய கருவியும் அதுவே. தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றும் அத்தோற்கருவி எந்த அமெரிக்கக் கிற்றாரினும் பழமையானது. ஆனால் அதற்குப் பழமை விலை இல்லை. சாதியின் பெயரால் அதற்கு இழிவே விலையாகக் கிடைத்தது. அதனைச் செய்யவும் அடிக்கவும் அறிந்த முதியவர்கள் எங்கள் தோட்டத்தில் இருவரே எஞ்சியுள்ளனர். அருமையான பொருளுக்கு விலை ஏறும் என்பது சந்தையின் விதியானால், இங்கே அவ்விதி ஏன் செல்லுபடியாகவில்லை? அருமை மட்டும் விலையை உண்டாக்குவதில்லை. அருமையை மதிப்பவன் கையிற் பணம் இருக்கவேண்டும். பொருளைச் செய்தவனின் கதையை எழுதிவைக்க ஒருவன் இருக்கவேண்டும். ஃபெண்டர் கிற்றாரின் ஒவ்வொரு திருகாணிக்கும் வரலாறு எழுதப்பட்டுள்ளது. மகோகனிப் பலகையை அறுத்த எங்கள் ஆசாரியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே தட்டுப்பாடு இருவகைப்படும். ஒன்று சந்தை அறிந்து பேசும் தட்டுப்பாடு. அதற்கு விலைப்பட்டியலும் ஏலமும் உண்டு. டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019இல் ஏறத்தாழ 40 இலட்சம் டொலருக்கு ஏலம்போனதை உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அப்பணத்தை அவர் சூழற் பாதுகாப்புக்கு வழங்கியது பாராட்டத்தக்கது. மற்றது எரிந்ததாலும், கப்பலேறியதாலும், மழையில் மக்கியதாலும் உண்டான தட்டுப்பாடு. அதற்குப் பட்டியல் இல்லை. பல்கலைக்கழகம் நோக்கவேண்டியது இந்த இரண்டாவதையே என்பது என் துணிபு.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. வழக்கொழிந்துபோன யாழைச் சுவாமி விபுலானந்தர் பழந்தமிழ் நூல்களினின்று கணித்தறிந்து மீட்டுருவாக்கினார். 1947இல் அவருடைய 'யாழ்நூல்' அரங்கேறியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் செய்ததும் ஒரு பழங்கருவியின் மறுபதிப்பே. அவர் மீட்டது பண்டமன்று, அறிவு; எனவே அது எவருக்கும் கிடைத்தது, எவரும் அதன் விலையை ஏற்ற இயலவில்லை. மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்து சி. வி. வேலுப்பிள்ளை செய்த பணியும் இத்தகையதே. பாடல்களுக்குச் செய்யப்பட்டது கருவிகளுக்கும் கருவியாளருக்கும் செய்யப்படவேண்டும்.

பதுளை முதல் ஹப்புத்தளை வரை எந்தெந்தத் தோட்டத்தில் எந்தக் குழு இருந்தது, என்ன கருவி வாசித்தது, அக்கருவியை யார் செய்தார், அது எங்கே போயிற்று என்பதை அறிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் பத்துப்பேர் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு சென்றால் ஈராண்டில் முடியும் வேலை இது. மகோகனி நம் நாட்டில் வளர்கிறது. செப்புக்கம்பி சுற்றத் தெரிந்தவர்கள் பதுளை நகரில் இருக்கிறார்கள். தப்புக்குத் தோல் கட்டத் தெரிந்த இருவர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். பொறியியற்பீடத்து மாணவரும் தமிழ்ச் சங்கத்தாரும் ஒரு கோடைவிடுமுறையில் ஒரு தச்சுப்பட்டறையில் ஒன்றுகூடினால், 444 நாட்சம்பளம் கேட்காத கிற்றார் ஒன்று பிறத்தல் கூடாததன்று. கையில் ஒன்றுமில்லாத காலத்தில், படிப்பறிவு அதிகமில்லாத ஓர் உதவியாளும் ஓர் ஆசாரியும் அதனை முன்னரே செய்து காட்டியிருக்கின்றனர்.